முத்தல் இலை

“1967 ஆகஸ்ட் 19. பூனாகலைப் பக்கம், தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடம். புதர், ஆளுயரம். இலையும் கிளையுமாக வெட்டியது. பூ இல்லை. வெயில், பலத்த காற்று.”

பழுப்புக் காகிதத் துண்டொன்றில் என் கையெழுத்திலுள்ள குறிப்பு இது. ஒரு துணிப்பையின் கழுத்தில் கட்டியிருந்தேன். பைக்குள் இருந்த இலை அரைபட்டு இருபது வருடம் ஆகப்போகிறது. துண்டு மட்டும் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. வெயில், காற்று என்று அன்று வழக்கத்துக்காகத்தான் எழுதினேன். அந்த இரண்டு சொற்களுக்கு உள்ள கனம் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

அந்தச் செடியின் தாவரவியல் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ரகசியம் எதுவும் இல்லை. புற்றுநோய் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு இலையின் பெயரை அச்சிட்டால், யாராவது ஒருவர் அதைப் பறித்து அவித்துக் குடிப்பார். குடிக்கத் தகாத இலை அது. தோட்டத்தில் அதைக் கசப்புச்செடி என்றார்கள். வேறு நாலைந்து செடிகளுக்கும் அதே பெயர்தான் என்பதால் அதை எழுதுவதில் ஆபத்தில்லை.

1965இல் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் உதவி இரசாயனவியலாளராகச் சேர்ந்தேன். எங்கள் பகுதியின் வேலையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். நாட்டிலுள்ள செடிகொடிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, உலர்த்தி, அரைத்து, மதுசாரத்தில் ஊறவைத்து, வடித்து, வற்றவைக்க வேண்டும். கடைசியில் பாத்திரத்தின் அடியில் தார் போன்ற பிசின் மிஞ்சும். அதைக் குப்பியில் அடைத்து வெளிநாட்டிலுள்ள ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம். அங்கே இரத்தப் புற்றுநோய் உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு அதை ஊசியில் ஏற்றிப் பார்ப்பார்கள். மருந்து ஏற்றாத எலிகளைவிட அந்த எலிகள் கூடுதல் நாள் உயிரோடிருந்தால் செடி பட்டியலில் நிற்கும். இல்லையென்றால் ‘பயன் இல்லை’ என்று ஒரு தாள் வரும். தாள் வர ஆறேழு மாதம் ஆகும். வந்த தாள்களைத் துளையிட்டுக் கோவையில் சேர்ப்பதும் என் வேலையாக இருந்தது. கோவை தடித்துக்கொண்டே போயிற்று. ஒரு நல்ல சொல்லையும் அதில் நான் சேர்த்திருக்கவில்லை.

எனக்குப் பதுளை ஊர். அப்பா பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மருந்தகத்தில் மருந்து கலப்பவராக இருந்தவர். தோட்டத்தில் அவரை ‘டாக்டரய்யா’ என்றுதான் அழைத்தார்கள். தான் டாக்டர் அல்ல என்று திருத்தித் திருத்தி அவருக்கு அலுத்துப்போயிற்று. அவர் காலமான பின் அம்மா பதுளை நகரத்து வீட்டிலேயே இருந்தார். லீவில் வரும்போதெல்லாம் நான் ஒரு கத்தியும் துணிப்பைகளும் எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போய்விடுவேன். வெட்டிக்கொண்டு வந்த இலைகளை வீட்டுப் பின்னறையில், நிழலில், பழைய செய்தித்தாள்களின் மேல் பரப்பிக் காயவைப்பேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

“உன்னைக் கெம்பசுக்கு அனுப்பினது இலை பொறுக்கவோ? ஆடு வளர்க்கிற சனமும் உதைத்தானே செய்யுது.”

“ஆட்டுக்கு எது நல்ல இலையெண்டு தெரியும் அம்மா. எனக்கு இன்னும் தெரியேல்லை.”

“அப்ப ஒரு ஆட்டையும் கூட்டிக்கொண்டு போ.”

1967 ஆகஸ்டில் வெட்டிய கசப்புச்செடி அப்படிப் பின்னறையில் காய்ந்ததுதான். அடுத்த வருடம் ஜூன் மாதம் அதன் தாள் வந்தது. வழக்கமான இரண்டு சொற்கள் அதில் இல்லை. ஒரு முழுப் பந்தி இருந்தது. எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்திருந்தன. அதே செடியில் இன்னும் நிறைய இலை சேர்த்து, மறுபடி பிசின் எடுத்து அனுப்புங்கள், இரண்டாம் தடவையும் இதே பலன் வந்தால் உள்ளே இருக்கும் பொருளைப் பிரித்தெடுக்கும் வேலையைத் தொடங்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

நிறைய என்றால் சாக்குக் கணக்கில். ஒரு கத்தியும் ஒரு ஆளும் போதாது. போதாக்குறைக்கு அவ்வருடக் கடைசியில் எனக்கு லீவு கிடைக்கவில்லை. மலையிலே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆகவே தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கு எழுதினேன். அப்பாவின் காலத்திலிருந்தே அவர் அங்கே தோட்டவேலைகளை மேற்பார்வை செய்பவர். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு மலை பிரித்துக் கொடுப்பவர். தாளில் அழுத்திய ஒரு கிளையையும் உடன் அனுப்பி, இந்தச் செடியின் இலை இத்தனை சாக்கு வேண்டும் என்று கேட்டேன். அவர் தோட்ட முகாமையாளரான துரையிடம் அனுமதி வாங்கி, பத்துப் பெண்களை அந்த வேலைக்கு அனுப்பினார். வெயில் இல்லாததால், தொழிற்சாலையில் தேயிலைக் கொழுந்தை வாட்டும் மேல்மாடியிலேயே இலையை உலர்த்திவிட்டார். நான் கேளாமலே செய்த உதவி அது.

1969 ஜனவரியில் சாக்குகள் புகைவண்டியில் வந்து சேர்ந்தன. கொழும்பு ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று வந்த அன்றே அரைக்கச் சொல்லிவிட்டேன். பிசின் வற்றியபோது என் குறிப்பில் எழுதியது: “முன்னையதைவிட நிறம் வெளிர். மணம் குறைவு.” எழுதினேனே தவிர ஏன் என்று கேட்கவில்லை. குப்பி போயிற்று.

ஜூனில் தாள் வந்தது. ‘பயன் இல்லை.’

எங்கள் பகுதித் தலைவர் யாழ்ப்பாணத்தவர். உரத்துப் பேசமாட்டார். கெட்ட செய்தி சொல்லும்போது மேசையிலிருக்கும் பென்சில்களை ஒரே நீளத்துக்கு அடுக்குவார். அன்று அடுக்கினார்.

“பிள்ளை, முதல் தரம் வந்தது, மற்றத்தரம் வரேல்லை. நான் மேலிடத்துக்கு என்னத்தை எழுத?”

“இன்னொரு தரம் சேர்த்து அனுப்பலாம் சேர்.”

“நாங்கள் அனுப்பினது வேற செடி எண்டு அவங்கள் நினைக்கிறாங்கள். எனக்கும் அந்த யோசனைதான். இலையைப் பறிச்சது நீர் இல்லை.”

“சரியான செடிதான் சேர். கிளை அனுப்பினனான்.”

“அப்ப முதல் தரம் வந்தது தற்செயல்.” இன்னொரு பென்சிலை எடுத்து வரிசையில் வைத்தார். “ஒரு குப்பிக்கு இடம் கேக்கிறன். ஒண்டே ஒண்டு. அதுவும் சரிவராட்டி இந்தச் செடியையும் மூடுவம், இந்த வேலையையும் மூடுவம். நீர் கறுவா எண்ணெய்ப் பக்கம் போகவேண்டி வரும். மேலிடம் இப்பவே கேட்டுக்கொண்டிருக்குது.”

கறுவா எண்ணெய்ப் பக்கம் என்றால் ஏற்றுமதிக்குப் போகும் எண்ணெய் தரமானதா என்று பார்க்கும் மேசை. அந்த வேலையில் கேவலம் எதுவும் இல்லை. பலரும் அதில் நல்ல பெயர் எடுத்தார்கள். ஆனால் அங்கே விடை முன்னமே அச்சிடப்பட்டிருக்கும். எண்ணெய் அதற்குப் பொருந்துகிறதா இல்லையா என்பதே கேள்வி. நான் நாலு வருடமாக விடை தெரியாத வேலை செய்து பழகிவிட்டேன். அதை விட எனக்கு மனமில்லை. ஒரு குப்பி இருந்தது. அது போதும் என்று தீர்மானித்தேன்.

முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். செடி வேறாக இருக்கலாம். காலம் வேறு, முதலாவது ஆகஸ்ட் வெயிலும் காற்றும், இரண்டாவது மார்கழி மழை. உலர்த்திய விதம் வேறு. முதலாவது வீட்டு நிழல், இரண்டாவது தொழிற்சாலை மாடியின் சூட்டுக் காற்று. நாலாவதாக ஒன்று இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முதலில் செடி. அதைத் தீர்க்காமல் மற்றவற்றைத் தொடுவதில் பொருளில்லை.

ஆகஸ்டில் லீவு எடுத்துக்கொண்டு பதுளைக்குப் போனேன். மறுநாள் ஹாலிஎல வழியாகப் பண்டாரவளை பஸ், அங்கிருந்து பூனாகலை பஸ். உச்சிக்கு ஏறியதும் காற்று கதவைத் திறக்கவிடாமல் தள்ளியது. எங்கள் ஊவா மாகாணத்தில் அந்த மாதம் வீசும் வறண்ட காற்றுக்குத்தான் தேயிலைக்கு மணம் ஏறும் என்பார்கள். அதனால் அந்த மாதத்தில் தோட்டத்தில் யாருக்கும் மூச்சுவிட நேரமிராது என்பதை நான் மறந்துபோனேன்.

கணக்கப்பிள்ளை வீட்டு வாசலிலேயே வரவேற்றார்.

“வாங்க மிஸ்ஸி, வாங்க. டாக்டரய்யா மக வந்திருக்காங்கன்னு பெரட்டுலயே சேதி வந்திருச்சு.” பெரட்டு என்பது விடியற்காலையில் எல்லாரையும் நிறுத்தி வேலை பிரிக்கும் இடம். அங்கே போகாத சேதி கிடையாது. மிஸ்ஸி என்பது தோட்டத்தில் நர்ஸ்மாரை அழைக்கும் சொல். நான் எதற்குப் படித்தேன் என்று விளக்கி, அப்பாவைப் போலவே அலுத்துப்போய், நானும் விட்டுவிட்டேன்.

“போன தரம் அனுப்பின இலை பலிக்கேல்லை கணக்கப்பிள்ளை.”

அவர் முகம் விழுந்துவிட்டது. “என்னங்க சொல்றீங்க? அவ்வளவு சுத்தமா பறிச்சுக் குடுத்தோமே. பத்துப் பேருக்கு ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. சாக்கு நெறஞ்சாத்தானே! காய வச்சா ஒண்ணுமில்லாமச் சுருங்கிப்போவுது.”

“வேற செடியும் கலந்திருக்குமோ எண்டு கேக்கிறாங்கள்.”

“யாரு கேக்குறா? கூட்டியாங்க அந்தாள. நீங்க குடுத்த கெளைய பெரட்டுல தூக்கிக் காமிச்சுல்ல அனுப்பினேன். மிச்ச இலை ஒரு பை இன்னமும் இருக்கு. நீங்களே பாருங்க.”

சாக்கில் அடங்காத மிச்சத்தை அவர் எறியாமல் வைத்திருந்தார். எனக்கு அதைவிட நல்ல செய்தி வேண்டியிருக்கவில்லை. கொழும்பில் எல்லாம் தூளாகிவிட்டது. இங்கே முழு இலை இருக்கிறது. ஆனால் காய்ந்த இலை சுருண்டு, தேயிலைத் தூள்போல முறுகியிருந்தது. எதுவென்று சொல்ல முடியவில்லை. ஒரு அகன்ற தட்டும் கொதிநீரும் கேட்டேன். காய்ந்த செடியைச் சூட்டு நீரில் போட்டால் விரிந்து பழைய வடிவத்துக்கு வரும். தாவரம் பார்ப்பவர்கள் எல்லாரும் செய்வதுதான்.

கணக்கப்பிள்ளையின் மனைவி தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “இதையா குடிக்கப் போறீங்க?” என்றார்.

“குடிக்கிறதுக்கில்லை.”

“நல்லவேளை. சீனியும் முடிஞ்சுபோச்சு.”

ஒரு பிடி போட்டோம். மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் நீர் மஞ்சளானது. பிறகு ஒவ்வொன்றாக அசைந்து, அவிழ்ந்து, விரிந்தன. நரம்பு, விளிம்பு, அடியில் உள்ள மெல்லிய ரோமம். அதே செடி. சந்தேகமே இல்லை. எனக்குப் பெரிய ஆறுதல். அடுத்த நிமிடம் அந்த ஆறுதல் போய்விட்டது. செடி சரியென்றால், முதல் தடவை தற்செயல் என்று தலைவர் சொன்னதுதான் மிஞ்சும்.

அப்போது கணக்கப்பிள்ளை விரலால் ஒரு துளிரைத் தூக்கி என் கண்ணுக்கு நேரே பிடித்தார். ஒரு கல்யாண நகையைக் காட்டுகிற பெருமை.

“பாத்துக்கங்க மிஸ்ஸி. ரெண்டு இலை, ஒரு கொழுந்து. கிள்ளின எடம் எப்பிடி இருக்குன்னு பாருங்க. இந்தத் தட்டுல ஒரு முத்தல் காட்டுங்க, நான் மீசைய எடுத்துர்றேன்.”

நான் தட்டைப் பார்த்தேன். எல்லாம் துளிர். இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாக, தேயிலையைக் கிள்ளுவதுபோலவே கிள்ளிய துளிர். கரடான முதிர் இலை ஒன்றுகூட இல்லை. நான் 1967இல் வெட்டியது ஆளுயரப் புதரின் கிளை. அதில் பெரும்பகுதி தடித்த, கரும்பச்சை முதிர் இலை. துளிரை நான் கவனித்ததாகவே ஞாபகம் இல்லை.

“கணக்கப்பிள்ளை, ஏன் கொழுந்தை மட்டும் பறிச்சவை? நான் அப்பிடி எழுதேல்லையே.”

“எழுதணுமாங்க? பறிக்கிறதுன்னா கொழுந்துதானே. முத்தலக் குடுத்தா நீங்க தள்ளிருவீங்கல்ல?”

அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோட்டத்தில் கூடையில் முத்தல் இலை கலந்தால் நிறுவையில் கழிப்பார்கள். மழையில் நின்று, மூன்று நான்கு மடங்கு பாடுபட்டு, எனக்கென்று மிகச் சிறந்ததை எடுத்துத் தந்திருக்கிறார்கள். அந்த மிகச் சிறந்தது எனக்கு வேண்டியதில்லை என்பதை அவர்கள் எப்படி அறிவார்கள்? எனக்கே அந்த நிமிடம்வரை தெரியாது.

பையில் மீதியிருந்த காய்ந்த துளிரை ஒரு கண்ணாடிச் சாடியில் போட்டு மூடி, திகதி எழுதி, என்னுடன் எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது ஆள் பிரச்சினை. துரை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இந்த மாதம் கொழுந்து பறிக்கும் ஆள் ஒருவரைக்கூட விடமுடியாது. வேண்டுமானால் போயா நாளில் விருப்பமானவர்கள் வரட்டும். அந்த வருடங்களில் நாட்டில் ஞாயிறு விடுமுறை இல்லை, பிறைக் கணக்கில் வாராவாரம் வரும் பௌத்த நோன்பு நாளான போயாதான் விடுமுறை. என் பழைய நாட்குறிப்புகளில் கிழமைகளைச் சரிபார்ப்பவர்கள் இதை மனதில் வைக்கவேண்டும்.

போயா அன்று ஆறேழு பெண்கள் வந்தார்கள். காட்டோரம் நின்று கணக்கப்பிள்ளை சொன்னார்: “இன்னைக்குக் கொழுந்து வேணாம். முத்தல் மட்டும் பறிங்க.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு வெடித்தது.

“ஏய், கணக்கப்பிள்ளைக்குக் காச்சலாடி? தொட்டுப் பாருங்க.”

“நெதம் முத்தல் முத்தல்னு ஏசுற வாயா இது?”

“இன்னைக்குப் பறிச்சத நாளைக்கு நிறுவைல கழிக்க மாட்டீங்களே ஐயா?”

எல்லாருக்கும் முன்னால் நின்றவள், வாய் நிறைய வெற்றிலையோடு சிரித்த ஒரு நடுவயதுப் பெண். மார்கழியில் பறித்தவர்களில் அவளும் ஒருத்தி. அவள்தான் முதலில் புதருக்குள் இறங்கினாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள். நான் ஒரு கல்லில் உட்கார்ந்து துண்டுகள் எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் கூடையை எட்டிப் பார்த்தேன். மேலே நாலைந்து முத்தல் இலை. அடியில் எல்லாம் துளிர்.

“அக்கா, இது கொழுந்தல்லோ.”

அவள் கூடையைப் பார்த்துத் தானே திகைத்தாள். “ஆத்தாடி! நெனப்பு முத்தல்லதாங்க இருக்கு மிஸ்ஸி. கை கேக்க மாட்டேங்குது. பேசிக்கிட்டே பறிச்சா அது பாட்டுக்கு நுனிக்குப் போயிருது.”

“அப்ப பேசாமப் பறி,” என்றாள் பக்கத்திலிருந்தவள்.

“பேசாம இருந்தா மட்டும் ஒனக்கு முத்தல் வந்திருச்சாக்கும்? ஓங் கூடையக் காட்டுடி!”

அந்தக் கூடையிலும் அதே கதை. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் லீவு கரைந்துகொண்டிருந்தது. என்னிடம் இருந்ததோ ஒரே ஒரு குப்பிக்கான வாய்ப்பு. துளிர் கலந்த இலையை இன்னொரு தடவை அனுப்ப நான் தயாரில்லை. கலந்து போய்ப் பலன் அரைகுறையாக வந்தால் அதுவும் மூடியதற்குச் சமம்.

“கணக்கப்பிள்ளை, கவ்வாத்துக்காரர் இருக்கினமா?”

கவ்வாத்து என்பது தேயிலைச் செடியைத் தறித்துவிடும் வேலை. அதை ஆண்கள் வளைந்த கத்தியால் செய்வார்கள். அவர்களுக்குக் கொழுந்தில் பழக்கமில்லை, கிளையில்தான் பழக்கம். பின்னேரம் இருவர் வந்தார்கள். புதரைக் கிளை கிளையாகத் தறித்து எறிந்தார்கள். பெண்களுக்கு நான் வேறு வேலை கொடுத்தேன்: தறித்த கிளையின் நுனியை முதலில் கிள்ளி வீசிவிட வேண்டும், மிச்சத்தை உருவிக் கூடையில் போட வேண்டும். நுனிக்குப் போகும் கையை நுனியிலேயே விட்டு, அந்த நுனியை எறியச் சொன்னேன். அது பலித்தது.

“கொழுந்தத் தூக்கி எறியச் சொல்ற மொத ஆளு நீங்கதாங்க,” என்றாள் வெற்றிலைக்காரி. “எங்க தொரைக்குத் தெரிஞ்சா மயங்கி விழுந்துருவாரு.”

முழுக் கிளையாக உருவியதால் இருட்டுவதற்குள் ஒரு குப்பிக்கு வேண்டிய அளவு சேர்ந்துவிட்டது. மற்றவர்கள் தங்கள் லயத்து வீடுகளுக்குப் புறப்பட்ட பிறகு அவள் மட்டும் நின்றாள். அவள் குரலில் அதுவரை இருந்த விளையாட்டு இல்லை.

“மிஸ்ஸி, இது புத்துக்கு மருந்துன்னு சொல்றாங்களே. எங்கக்காவுக்கு வாயில புண்ணு. ஆற மாட்டேங்குது. கன்னம் தடிச்சிருச்சு. இத அவிச்சுக் குடுக்கலாமாங்க?”

“குடுக்க வேண்டாம்.”

“கொஞ்சமா?”

“கொஞ்சமும் வேண்டாம். இது மருந்து இல்லை அக்கா. மருந்து ஆகுமோ எண்டு நாங்கள் இப்பத்தான் தேடுறம். எலியிலதான் பாத்திருக்கு. மனுசருக்கு என்ன செய்யுமெண்டு எனக்குத் தெரியாது. நாளைக்கே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

“அங்க போனா கொழும்புக்கு எழுதிருவாங்கன்னு பயப்படுதுங்க.”

“எழுதினாப் போகட்டும். அங்க அதுக்கெண்டு கதிர் ஒளி வச்சு வைத்தியம் பாக்கிற டாக்டர்மார் இருக்கினம். இந்த இலையிட்ட இல்லாதது அவையிட்ட இருக்கு.”

அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கணக்கப்பிள்ளை எழுதிய கடிதத்தில், அந்த அக்காவைப் பதுளையிலிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள், கன்னத்தில் தழும்போடு திரும்பி வந்துவிட்டாள், மறுபடி வெற்றிலை போடுகிறாள், ஏசினாலும் கேட்பதில்லை என்று இருந்தது.

உலர்த்துவதைத் தொழிற்சாலைக்கு விடவில்லை. பதுளைக் கடைத்தெருவில் முஸ்லிம் வியாபாரி ஒருவரிடம் சாக்கு வாங்கினேன். பழைய சாக்கு வேண்டாம், மிளகாய் கருவாடு கட்டாத புதுச் சாக்கு வேண்டும் என்றதும் அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “தங்கச்சி, இலை கட்ட புதுச் சாக்குக் கேக்குற ஆள இண்டைக்குத்தான் காணுறன். மாப்பிள்ளைக்குச் சீதனம் அனுப்பவா?” என்றார்.

அம்மாவின் பின்னறை, முன்னறை, விறாந்தை எல்லாம் இலையாயிற்று. அம்மா கட்டிலைச் சுற்றி ஒரு சிறு பாதை மட்டும் விட்டேன்.

“ஆடு வந்தாக்கூட திகட்டிப்போகும்,” என்றார் அம்மா. ஆனால் நான் இல்லாத நேரத்தில் தானே குனிந்து இலையைப் பிரட்டிவிட்டிருக்கிறார். பிரட்டிய கோடு எனக்குத் தெரிந்தது. 

கொழும்பில் பிசின் எடுத்தபோது நிறம் கறுத்து, மணம் மூக்கை அறைந்தது. தலைவரிடம் போய், துளிர் தனியாகவும் முத்தல் தனியாகவும் இரண்டு குப்பி அனுப்ப இடம் கேட்டேன். சாடியிலுள்ள துளிரே போதும் என்று வாதாடினேன்.

“ஒண்டெண்டு சொன்னனான் பிள்ளை.”

“அப்பத்தான் காரணம் தெரியும் சேர்.”

“காரணம் பிறகு. முதல்ல அது வேலை செய்யுதோ பாப்பம். எதை அனுப்பப் போறீர்?”

“முத்தலை.”

பென்சில்களை அவர் தொடவில்லை.

1970 ஏப்ரல் மாதம், வருடப் பிறப்புக்கு முந்திய வாரம், தாள் வந்தது. முதல் தடவையைவிட நீளமான பந்தி. எலிகள் வாழ்ந்திருந்தன, முதல் தடவை வாழ்ந்ததைவிடவும் சற்றுக் கூட. தலைவர் தாளை இரண்டு முறை வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். “கறுவா எண்ணெய்க்கு வேற ஆளைப் பாக்கவேணும்,” என்றார். அவர் சொன்ன பாராட்டு அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

அந்தத் தாளினால் பகுதி பிழைத்தது. நானும் அதிலேயே நின்றேன். பிறகு வந்த வருடங்கள் முழுக்க, அந்தப் பிசினுக்குள் இருந்து ஒரு வெள்ளைத் தூளைப் பிரித்தெடுப்பதில் கழிந்தன. ஒன்றைப் பிரித்தால் பலன் இராது. பலன் இருந்தால் தூய்மை இராது. கடைசியில் ஒரு சிட்டிகை கிடைத்தது. நகத்தின் நுனியில் அடங்கும். அதுவும் எலியின் புற்றை அடக்கியது. ஆனால் அளவு கொஞ்சம் கூடினாலும் எலியையே கொன்றது. புற்றை அடக்கும் அளவுக்கும் எலியைக் கொல்லும் அளவுக்கும் இடையில் நடந்துபோக இடமே இல்லை. 1976இல் வெளிநாட்டு ஆய்வுகூடம் அந்தச் செடியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அது நியாயமான முடிவு. அந்தக் காட்டோரத்தில் வெற்றிலைக்காரியிடம் நான் ‘கொஞ்சமும் வேண்டாம்’ என்று சொன்னது சரியென்பதற்கும் அந்த முடிவுதான் சாட்சி. அதன் பிறகு வேறு செடிகள், வேறு சாக்குகள், வேறு தாள்கள். இப்போது நான் ஆட்களைப் பயிற்றுகிறேன். செடியின் எந்தப் பாகம், எந்த வயது, எப்படி வெட்டியது என்று துண்டில் எழுதாத இலையை எங்கள் பகுதியில் யாரும் வாங்கமாட்டார்கள்.

இந்தக் கதையைப் புதியவர்களுக்குச் சொல்லும்போது அவர்கள் உடனே சொல்லிவிடுகிறார்கள்: பொருள் முத்தல் இலையில் இருக்கிறது, துளிரில் இல்லை, அதனால்தான் இரண்டாம் தடவை பலிக்கவில்லை என்று. நானும் பல வருடம் அப்படித்தான் சொன்னேன். இதை எழுத உட்கார்ந்து 1970இன் தாளை எடுத்தபோதுதான் அந்த உறுதி ஆட்டம் கண்டது. மூன்றாம் தடவை நான் மாற்றியது ஒன்றை மட்டுமல்ல. துளிருக்குப் பதில் முத்தல். மழைக்குப் பதில் ஆகஸ்ட் வெயிலும் காற்றும். தொழிற்சாலை மாடிக்குப் பதில் அம்மா வீட்டு நிழல். மூன்றும் ஒன்றாக மாறின. எது காரணம் என்று அந்தத் தாள் சொல்லாது. வேலை மூடப்படாமல் காப்பாற்றுவதுதான் அன்று என் நோக்கம், அதில் தவறில்லை. ஆனால் காப்பாற்றியது எது என்று தெரிந்ததாகச் சொல்வது தவறு.

இரண்டாம் தடவை இலையில் மிஞ்சியிருந்தது ஒரு சாடித் துளிர்தான்; அதுவும் மழையில் பறித்து மாடியில் உலர்த்தியது என்பதால் அது மட்டும் விடை சொல்லியிராது. கணக்கப்பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்த கண்ணாடிச் சாடியைப் பதுளையில் அம்மாவின் அலுமாரியில் வைத்திருந்தேன். 1983 ஜூலை இனக்கலவரத்தில் அந்த வீடு எரிந்தது. அம்மா அப்போது என்னோடு கொழும்பில் ஒரு நண்பர் வீட்டில் ஒளிந்திருந்தார், உயிருக்குச் சேதமில்லை. சாடி போயிற்று. அந்தக் காட்டோரத்தையும் வெட்டிச் சவுக்கு நட்டுவிட்டதாகக் கேள்வி. வேறு இடங்களில் செடி இருக்கிறது. ஒரு மழைக்காலமும், ஒரு வெயில்காலமும், துளிரும் முத்தலும், நிழலும் சூடும் பிரித்த எட்டுத் தனித்தனிப் பைகளும் இருந்தால் இதைத் தீர்த்துவிடலாம். மேசையில் விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்றுவரை உள்ள நிலை இது: கசப்புச்செடியின் துளிரில் அந்தப் பொருள் இல்லையா, அல்லது இருந்தது மழையிலோ மாடியின் சூட்டிலோ கெட்டதா என்பது சரிபார்க்கப்படவில்லை.